வீட்டுக் கணினிக்கு எந்த டிவிடி ரைட்டர்?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கணினி விஷயத்தில் மட்டும் இந்தப் பழமொழி எடுபடுவதே இல்லை. ஹார்ட் டிஸ்க் போன பிறகுதான் பலருக்கும் பேக்கப் என்ற சொல்லே ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் பிறந்தநாள், தாத்தா பேசிய நாலு வார்த்தை, இரவெல்லாம் கண் விழித்து எழுதிய ஆய்வேடு எல்லாம் போயே போய்விடுகிறது. "ரெக்கவரி பண்ணிப் பார்க்கலாம் சார், ஆனா கேரண்டி கிடையாது" என்று கடைக்காரர் கையை விரிப்பார். அப்புறம் அழுது என்ன பயன்?

இதைத் தடுக்க உள்ள வழிகளில் ஒன்று, கணினிக்கு வெளியே இணைக்கும் ஒரு ரைட்டரை வாங்கி, முக்கியமானவற்றை வட்டில் எழுதி வைப்பது. "இந்தக் காலத்தில் யாராவது டிவிடி வாங்குவார்களா?" என்று சிரிக்கத் தோன்றும். அந்தச் சிரிப்பில் நியாயமும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2008இல் மேக்புக் ஏர் மடிக்கணினியை வட்டு டிரைவ் இல்லாமலே வெளியிட்டது. வேண்டியவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்றை 99 டாலருக்கு விற்றது. மற்ற கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் போயின. இன்று கடையில் இருக்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் வட்டு போட இடமே கிடையாது.

இருந்தாலும் வீட்டில் ஒரு ரைட்டர் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால், அது பரணில் தூங்கும்.

வட்டு எதற்கு?

முதல் காரணம், ஒருமுறை எழுதிய வட்டை யாராலும் மாற்றி எழுத முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். இந்த வகை வைரஸ்கள் கணினியில் இருப்பதை மட்டும் பூட்டுவதில்லை. அந்த நேரத்தில் சொருகியிருக்கும் பென் டிரைவ், எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும். எழுதி முடித்து மூடப்பட்ட டிவிடி மீது மட்டும் அதன் பாச்சா பலிக்காது. வீட்டுக் குழந்தை தெரியாமல் டெலிட் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது காரணம், வட்டு வேறு, டிரைவ் வேறு. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் மோட்டார், படிக்கும் தலை, மின்சுற்று, தகவல் எல்லாம் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. ஒன்று போனால் எல்லாம் போச்சு. டிவிடி டிரைவ் கெட்டுப்போனால் வட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. வேறு டிரைவில் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். வட்டை வேறு ஊருக்கு அனுப்பி வைக்கலாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் என்று எத்தனை இடங்களில் தரைத்தளம் முழுக்க மூழ்கியது! கணினியும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அந்த பேக்கப்பினால் என்ன லாபம்? நாலு டிவிடியை உறையில் போட்டு மதுரையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கதையே வேறு.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 விதியும் இதைத்தான் சொல்கிறது. எந்தக் கோப்பும் 3 பிரதிகளாக இருக்க வேண்டும். அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வட்டில் ஒன்று என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

"எல்லாம் கூகுளில் ஏறிவிடுகிறதே, அப்புறம் என்ன?" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகப் படங்களைச் சேமித்துக் கொடுத்த வசதி 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் ஏற்றுகிற படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. மேலே வேண்டுமானால் மாதா மாதம் பணம். இணையச் சேமிப்பு கெட்டது அல்ல, அதுவும் இருக்கட்டும். ஆனால் பாஸ்வேர்டு மறந்துபோனாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ நிலைமை என்ன? வாடகை வீட்டில் இருப்பவர் சொந்தமாக ஒரு பெட்டியாவது வைத்திருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் எழுத முடியாது

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு சிடியில் 700 எம்பி கொள்ளும். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அப்படியே டிவிடியில் எழுத வேண்டுமானால் நூறு வட்டுக்கு மேல் வேண்டும்! யாருக்குப் பொறுமை இருக்கும்? பத்தாவது வட்டிலேயே அலுத்துப்போய் மூட்டை கட்டிவிடுவார்கள்.

ஆகவே முழுக் கணினியையும் காப்பாற்றும் வேலையை எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கிடம் விட்டுவிட வேண்டும். விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம், சினிமாவை மறுபடி பார்த்துக்கொள்ளலாம். மறுபடி கிடைக்கவே கிடைக்காதது எது என்று பிரித்துப் பார்த்தால் அது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். தேர்ந்தெடுத்த குடும்பப் படங்கள், மதிப்பெண் சான்றிதழ், பத்திரங்களின் ஸ்கேன், எழுதிய கதை கட்டுரைகள், பெரியவர்களின் குரல் பதிவு... இவ்வளவுதான். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால்கூட ஒரே டிவிடியில் ஆயிரம் படங்களுக்கு மேல் கொள்ளும். வருடத்துக்கு இரண்டு மூன்று வட்டு போதும் என்ற நிலைக்கு வந்துவிடலாம்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. இடம் குறைவாக இருந்தால்தான் மனிதன் தேர்ந்தெடுப்பான். ஒரே கோவில் கோபுரத்தை இருபது தடவை எடுத்ததில் எது நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் உட்கார்ந்து பார்ப்பான்.

டிவிடியா, ப்ளூ ரேயா?

ப்ளூ ரே வட்டில் ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி கொள்ளும். பிடிஎக்ஸ்எல் என்ற வகையில் மூன்று அடுக்கில் 100 ஜிபி வரை போகலாம். ஒரு ப்ளூ ரே ரைட்டர் டிவிடியையும் சிடியையும் சேர்த்தே எழுதும், படிக்கும். விலை மட்டும் டிவிடி ரைட்டரைப்போல் சில மடங்கு.

படங்கள், ஆவணங்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு டிவிடி ரைட்டரே போதும். வீடியோ நிறைய எடுப்பவர்கள், ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் ப்ளூ ரே பக்கம் போகலாம். டெராபைட் கணக்கில் வீடியோ வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே சரிப்படாது. அவர்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பதே நல்லது.

இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி கொள்ளும் என்பதால் அதை நோக்கிக் கை போகும். ஆனால் அது விலை அதிகம், எழுதும்போது பிழை வரும் வாய்ப்பும் அதிகம். அந்தக் காசுக்கு ஒற்றை அடுக்கு வட்டு இரண்டுக்கு மேலேயே வாங்கிவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மின்சாரம்: மெல்லிய வகை ரைட்டர்கள் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய யூஎஸ்பி 2.0 பொருத்துவாய் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3.0 என்றால் 900. எழுதும் நேரத்தில் லேசருக்கும் மோட்டாருக்கும் சேர்த்து மின்சாரம் போதாவிட்டால் வட்டு பாதியில் நின்று வீணாகிவிடும். அதனால்தான் சில ரைட்டர்களோடு இரண்டு முனை உள்ள கேபிள் தருகிறார்கள். ஒரே பொருத்துவாயைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் ரைட்டரைச் சொருகாமல் நேராகக் கணினியில் சொருகுவது நல்லது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் மேசைக் கணினியைவிட பேட்டரி உள்ள மடிக்கணினியில் எழுதுவது பாதுகாப்பு.

வேகம்: "இது யூஎஸ்பி 3.0 சார், ரொம்ப ஸ்பீடு" என்று சொல்லி விற்பார்கள். டிவிடியின் 1 எக்ஸ் வேகம் என்பது நொடிக்கு சுமார் 1.4 எம்பி. மெல்லிய ரைட்டர்களின் உச்ச வேகமான 8 எக்ஸ்கூட நொடிக்கு 11 எம்பிதான். யூஎஸ்பி 2.0 இதைத் தாராளமாகத் தாங்கும். ஆகவே 3.0 என்பதால் டிவிடி வேகமாக எழுதப்படாது. மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. அதற்காகத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. புது மடிக்கணினியில் டைப் சி பொருத்துவாய் மட்டுமே இருந்தால் அதற்கேற்ற கேபிள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவசியம்.

தட்டு: வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழைய வீடியோ கேமராக்களில் பயன்பட்ட 8 சென்டிமீட்டர் சின்ன வட்டுகளை அதில் போட்டால் சிக்கிக்கொள்ளும். வெளியே வரும் தட்டு உள்ள வகையே வீட்டுக்கு ஏற்றது.

தயாரிப்பு: பெயர் தெரியாத ரைட்டர்கள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. புது உறைக்குள் பழைய மடிக்கணினியில் கழற்றிய டிரைவ் இருக்க வாய்ப்புண்டு. வாங்கியதும் கணினியில் சொருகி, டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயரும் மாடல் எண்ணும் என்ன என்று பார்த்துவிட்டு, ஒரு வட்டை எழுதிச் சோதித்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதைச் செய்தால்தான் பயன்.

ரைட்டரைவிட வட்டு முக்கியம்

ரைட்டர் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள், வட்டு வாங்கும்போது மட்டும் "இருக்கிறதிலேயே விலை குறைவா கொடுங்க" என்பார்கள். உண்மையில் பத்து வருடம் கழித்துப் படங்கள் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வட்டுதான்.

சாதாரண சிடி, டிவிடியில் தகவல் எழுதப்படுவது ஒருவகைச் சாயத்தின் மேல். லேசர் சுட்ட இடத்தில் சாயம் மாறுகிறது, அந்த மாற்றமே தகவல். வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு எதிரி. சிடியில் இந்த அடுக்கு எழுத்து அச்சடித்த மேல் பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அதனால் கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறலே ஆபத்து. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு அதிகம்.

திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகை பேக்கப்புக்கு வேண்டாம். அழிக்க முடியாது என்பதுதானே வட்டின் பலமே! அதை விட்டுக்கொடுப்பானேன்? ப்ளூ ரே வாங்குபவர்கள் எல்டிஎச் என்று குறிக்கப்பட்ட சாய வகையைத் தவிர்த்து, கனிமப் பூச்சு உள்ள எச்டிஎல் வகையை வாங்க வேண்டும்.

எம்-டிஸ்க் என்றொரு வகை உண்டு. சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிம அடுக்கில் எழுதுவதால் ஆயிரம் ஆண்டு இருக்கும் என்று விளம்பரம். ஆயிரம் ஆண்டு கழித்து யார் இருந்து பார்க்கப் போகிறார்கள்? அதைக் கண்டுபிடித்து விற்ற மில்லெனியாட்டா நிறுவனமே 2016இல் திவாலாகிவிட்டது. வட்டு மட்டும் வேறு நிறுவனங்களின் பெயரில் தொடர்ந்து விற்பனைக்கு வந்தது. ஆயிரத்தை மறந்துவிட்டு, சாயம் இல்லாததால் அதிக நாள் தாங்கும் என்ற அளவில் எடுத்துக்கொண்டால் நல்ல சரக்குதான். ஆனால் எம்-டிஸ்க் டிவிடியை எழுத அதற்கென்று ஆதரவு உள்ள ரைட்டர் வேண்டும். இது வேண்டும் என்று நினைப்பவர்கள் ரைட்டர் வாங்கும்போதே அட்டைப்பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை

இது ஆங்கிலப் பக்கங்களில் அதிகம் கிடைக்காத விஷயம். விண்டோஸில் பயன்படும் ஜோலியட் முறையில் கோப்பின் பெயர் 64 இடங்களுக்குள் இருக்க வேண்டும். யூனிகோடில் "பொங்கல்" என்ற நாலெழுத்துச் சொல்லே 7 இடம் பிடிக்கிறது. மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் குறிக்கும் தனித்தனி இடம் என்பதே காரணம். "அக்கா கல்யாணம் வரவேற்பு நிகழ்ச்சி இரண்டாம் நாள் மாலை" என்பதைவிட இன்னும் நீளமாகப் பெயர் வைத்தால் வட்டில் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போகலாம். பெயரைச் சுருக்க வேண்டும், அல்லது நீளமான பெயரை ஏற்கும் யூடிஎஃப் முறையில் எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், டேம், பாமினி என்று ஆளுக்கொரு முறையில் தமிழைத் தட்டினார்கள். அந்தக் கோப்பை மட்டும் வட்டில் எழுதி, எழுத்துருவை விட்டுவிட்டால் பின்னாளில் வட்டு நன்றாகவே இருக்கும், கோப்பும் திறக்கும், ஆனால் திரையில் வருவது ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்த குப்பை! பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதியும், மாற்றாத மூலப் பிரதியும், அந்த எழுத்துருவும் சேர்த்து ஒரே வட்டில் எழுதுவதே முறை. அப்பா தட்டி வைத்த கவிதைகள் பேரனுக்குக் கிடைக்க வேண்டுமானால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

விண்டோஸ் வட்டு எழுதும்போது "பென் டிரைவ் போல" என்றும் "பிளேயரில் ஓடும்படி" என்றும் இரண்டு வழி கேட்கும். காத்து வைப்பதற்கு இரண்டாவதே சரி. எல்லாக் கோப்பையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி மூடிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கே3பி, பிரேசெரோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எதுவானாலும் உச்ச வேகத்தில் எழுதாமல் நடுத்தர வேகத்தில் எழுதி, முடிந்ததும் சரிபார்க்கும் வசதியை இயக்க வேண்டும். எழுதிவிட்டோம் என்பது வேறு, படிக்க முடிகிறது என்பது வேறு.

அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 2003இல் வெளியிட்ட பராமரிப்புக் குறிப்புகள் இன்றும் பொருந்தும். வட்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. வட்டுக்கென்றே உள்ள பேனாவால் எழுத வேண்டும். துடைப்பதானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. பெட்டியில் போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். ஈரமான ஊர்களில் இது இன்னும் அவசியம். பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை அரித்துவிட்டதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தது பெரிய செய்தியானது. சமையலறை அலமாரியும் மொட்டை மாடி அறையும் வட்டுக்கு ஆகாது.

வருடம் ஒருமுறை, ஆயுத பூஜை அன்று கணினிக்குப் பொட்டு வைக்கும் கையோடு பழைய வட்டுகளில் நாலைந்தைப் போட்டுப் பார்த்துவிடலாம். தடுமாறும் வட்டை உடனே புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும்.

ஏன் இப்போதே?

மோசர் பேயர் என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்ப் படங்களை 28 ரூபாய் விசிடியாகத் தெருக்கடை வரை கொண்டு வந்த நிறுவனம் அது. வெற்று வட்டுத் தயாரிப்பில் உலக அளவில் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. 2018இல் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. ஜப்பானின் தையோ யூதென் 2015இல் வட்டுத் தொழிலை விட்டது. சோனி நிறுவனம் எழுதும் வகை ப்ளூ ரே வட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்துவதாக அறிவித்தது. வெற்று வட்டு இன்றும் கிடைக்கிறது, ஆனால் கடைகள் குறைகின்றன. ரைட்டருக்கும் அதே கதிதான்.

இதை வைத்து "அழியப் போகும் பொருளில் எதற்குப் பணம் போட வேண்டும்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. 2000களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் ஸ்டுடியோக்காரர் கொடுத்த சிடியிலும் டிவிடியிலும்தான் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. போட்டுப் பார்க்க இன்று வீட்டில் பிளேயரும் இல்லை, கணினியில் டிரைவும் இல்லை. ரைட்டர் வாங்கினால் முதல் வேலையாக அவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிவிடலாம். வெறும் இந்த ஒரு வேலைக்காகவே அந்தப் பணம் தகும். சாயம் வருடா வருடம் மங்கிக்கொண்டிருக்கிறது, அது யாருக்காகவும் காத்திருக்காது.

வட்டு ஒன்றே கதி என்று யாரும் இருக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கும் இருக்கட்டும், இணையமும் இருக்கட்டும், அவற்றோடு தட்டு உள்ள ஒரு நல்ல டிவிடி ரைட்டரும், தரமான வெற்று வட்டு ஒரு டப்பாவும் இருக்கட்டும். ஒரு குடும்பம் ஒருநாள் ஓட்டலுக்குப் போய்வரும் செலவை விடக் கொஞ்சம் கூட ஆகலாம். போன ஹார்ட் டிஸ்க்கை வேறு வாங்கலாம், தாத்தாவின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.